கருவாட்டுப் பெட்டியில் வெள்ளி மொட்டு

கதவு மூடிய சத்தம் கேட்ட பிறகுதான், தப்பான இடத்தில் ஒதுங்கிவிட்டோம் என்று மாயாவுக்கு உறைத்தது.

எல்லாம் மழையால் வந்தது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்குள் அவள் கால் வைக்கும் வரைக்கும் சும்மா இருந்த டிசம்பர் வானம், கடல் பக்கமிருந்து ஒரு காற்றைக் கிளப்பிக்கொண்டு வந்து கொட்டத் தொடங்கிவிட்டது. குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, என்னால் ஆகாது என்று கைவிரித்தது. கையில் தேயிலைச் சரக்கின் பட்டியல் வேறு. அது நனைந்தால் முதலாளி அலெக்ஸாண்டர் சாருக்கு யார் பதில் சொல்வது... எதிரே வாய் திறந்து கிடந்த நீலக் கன்டெய்னருக்குள் ஓடிப் புகுந்தாள். கடைசி வரைக்கும் போய், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே... டமால், டமால் என்று இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

இருட்டு. கையை முகத்துக்கு நேரே நீட்டினாலும் தெரியாத இருட்டு. கூரைமேல் மழை மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மாயா யோசிக்கவில்லை. குடையை நீட்டி ஒரு குத்து விட்டாள்.

"ஐயோ... யாரது? இன்னாது குத்துது?" ஆண் குரல்.

"குடை."

"கன்டெய்னருக்குள்ள குடைக்கு இன்னா வேலை?"

"மழைக்கு ஒதுங்குனேன். நீ யாரு? எதுக்கு கதவ சாத்துன?"

"நான் சர்வேயரு. பொட்டியில ஓட்டை கீதான்னு பாக்குறேன். உள்ள நின்னு கதவ சாத்திட்டா, எங்கனா ஊசி மொன வெளிச்சம் வந்தாலும் தெரிஞ்சிடும். அதான் வெளிய பாய் சாத்துனாரு."

"உள்ள ஆளு கீதான்னு பாக்க மாட்டியா?"

"ஓட்டையத்தான் பாக்கச் சொன்னாங்க. ஆளப் பாக்கச் சொல்லி யாரும் சொல்லலியே."

திமிரைப் பார், என்று நினைத்தாள். ஆனால் அந்தக் குரலில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது... பயம் அதில் பாதி குறைந்துபோயிற்று.

"கதவ தொறக்கச் சொல்லு."

"ரெண்டே நிமிஷம். கண்ணு இருட்டுக்குப் பழகணும். அதுவரைக்கும் குடைய கீழ வையி, தாயி."

வைத்தாள். இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கண்ணுக்கு வேலை இல்லாமல் போனதும், அவளுடைய மூக்கு வேலையை ஆரம்பித்தது. அது அவள் பிழைப்பு. துரு... புதுப் பெயின்ட்... தரைப் பலகையின் ஈரம்... பக்கத்தில் நிற்கிறவன் சட்டையின் சோப்பு... அதற்கெல்லாம் அடியில், பலகை இடுக்கிலிருந்து மெல்ல எழும்பி வந்தது இன்னொன்று.

"இதுல கருவாடு ஏத்துனாங்களா?"

"இன்னாது?"

"கருவாடு. நெத்திலி இல்ல... சாவாளை."

இருட்டில் சிரிப்பு நின்றுபோனது.

"இந்தா, நானு வந்தவொடனே மோந்து பாத்தேன். சுத்தமான பொட்டி. ஒரு ஓட்டை இல்ல, ஒரு வாசனை இல்ல. ஏ-ஒன்." குரல் முறைப்பாக வந்தது. இரும்பில் இரண்டு தட்டு தட்டினான். "பாய், தொற."

கதவு திறந்தது. ஒரேயடியாக வெளிச்சமும் சாரலும் உள்ளே விழுந்தன. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பியவள், அப்போதுதான் அவனைப் பார்த்தாள். கடல் வெயிலில் கறுத்த முகம். முப்பது வயதிருக்கும். கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்து நிற்கிறான், கண்கள்தான் ஒத்துழைக்கவில்லை. அவை அவளைப் பார்த்தன... பிறகு மழையைப் பார்த்தன... மறுபடி அவளையே பார்த்தன.

வெளியே நின்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரஹீம் பாய், கையில் பூட்டுக் கம்பியோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கஸ்பாரு... உள்ள போறப்ப நீ ஒண்டியாத்தானேப்பா போன?"

"ஆமா பாய்."

"இருட்டுல ரெண்டா ஆயிட்டியே."

மாயா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். கதவில் இருந்த எண்ணைப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. சிரிப்பு அப்படியே உள்ளே போனது.

"இது எங்க பொட்டி."

"யாரோ டீத்தூள் கம்பெனின்னு சொன்னாங்க..." என்றான் கஸ்பார்.

"தூள் இல்லீங்க. இலை. வெள்ளி மொட்டு. பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாசனைய இழுத்து உள்ள வெச்சிக்கும். இந்தப் பொட்டியில ஏத்துனா, கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள மீன் கொழம்பா ஆயிடும்."

இருட்டில் நீ என்று பேசிக்கொண்டவர்கள், வெளிச்சம் வந்ததும் நீங்க ஆகிவிட்டார்கள். ஆனால் மரியாதை வார்த்தையோடு சரி.

"மேடம் யாரு? பெரிய ஆபீசரா?"

"டீ டேஸ்டர்."

சொல்லிவிட்டாள். ஆனால் அது இன்னும் முழு உண்மை இல்லை என்பது அவள் நெஞ்சுக்குத் தெரியும்.

*

ஏழு வருஷம் அதே கம்பெனியில் பொட்டலம் கட்டியவள் மாயா. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, திருவொற்றியூர் குடோனுக்குப் போய், இலையை அளந்து, உறையில் போட்டு, ஒட்டி அடுக்குவது. ஒருநாள் இரண்டு மரப்பெட்டிகளின் சீட்டு மாறிப் போயிருந்ததை, மூடியைத் திறந்த மாத்திரத்தில் மூக்கால் சொல்லிவிட்டாள். கம்பெனி முதலாளி அலெக்ஸாண்டர் நம்பவில்லை. இன்னும் நாலு பெட்டியைத் திறந்து காட்டினார். நாலையும் சொன்னாள்.

பழைய டேஸ்டர் வேலையை விட்டுப் போனபோது, ஆறு மாதம் பார்க்கலாம் என்று அவளை அந்த மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தார். அன்றிலிருந்து வேலை நாளில் வெங்காயம் இல்லை, கருவாடு இல்லை, பவுடர் இல்லை, தலையில் ஒரு முழம் பூ இல்லை. ஆறு மாதம் இந்த வாரத்தோடு முடிகிறது.

"மாயா, சர்வேயர் பாஸ் பண்ணின பெட்டி அது," என்றார் அலெக்ஸாண்டர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் கவலைப்படுகிறார் என்று அர்த்தம். "நானும் போய்ப் பார்த்துட்டுதான் வர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"கீது சார்... இருக்கு சார்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு கேட் மூடிடுவாங்க. இந்தக் கப்பலை விட்டா சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரர் அடுத்த தடவை நம்மகிட்ட வரமாட்டார்."

"மீன் வாசனையோட அனுப்பினாலும் வரமாட்டார் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"குன்னூர்லேர்ந்து ஒரு டேஸ்டர் திங்கட்கிழமை வரட்டுமான்னு கேட்டுட்டு இருக்கார். இருபது வருஷ அனுபவம். நான் இன்னும் பதில் சொல்லல. நீ சொல்றது சரின்னு ஆச்சுன்னா இந்த நாற்காலி உன்னுது. இல்லைன்னா... மறுபடி பேக்கிங்தான்மா. மனசு வருத்தப்படாதே."

அந்த நாற்காலியில் அப்படி ஒன்றும் இல்லை. சுழலும்போது கிறீச்சென்று கத்தும். ஆனால் அதில் உட்கார்ந்தால் தேயிலை மலைகளே வரிசையாக வந்து கிண்ணத்தில் நிற்கும். அதை எழுந்து வேறு ஆளுக்குக் கொடுப்பதை மாயாவால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

*

மறுநாள் காலையில் கஸ்பாரே வந்துவிட்டான், பாஸ் பண்ணின சான்றிதழோடு. அலெக்ஸாண்டர் வெளியே போயிருந்தார். மாயா வெந்நீர்க் கெட்டிலின் முன்னால் நின்றிருந்தாள்.

"சார் இல்லியா?"

"வருவாரு. குந்துங்க."

அவன் உட்காரவில்லை. மேஜையைப் பார்த்தான். வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் மூடியோடு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னப் பல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம். அலமாரியில் கண்ணாடியில் ஒரு டீபாட், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பழுப்பு மண்ணில் ஒன்று.

"இது இன்னா, கோப்பைக்கு பல்லு மொளச்சிருக்கு?"

"மூடியோட அப்டியே கவுத்தா, இலை உள்ள நின்னுக்கும். டீ மட்டும் பல்லு இடுக்கால கிண்ணத்துல வடியும்."

"இந்த மண்ணு சட்டி?"

"தொடாதீங்க. அதுல சோப்பு பட்டா போச்சு. வெந்நீர்ல அலசறதோட சரி. குடிச்ச டீயெல்லாம் அது ஞாபகம் வெச்சிருக்கும்."

"நம்ம ஊரு பொம்பளைங்க மாதிரி."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"டீ குடிக்கிறீங்களா?"

"பால் போட்டு, சக்கர தூக்கலா."

"பால் இல்ல. சக்கர இல்ல."

"அப்ப அதுக்கு பேரு இன்னா, மருந்தா?"

"குடிச்சிட்டு சொல்லுங்க."

கெட்டில் கொதித்து அடங்கியது. அவள் அதைத் தொடவில்லை.

"ஊத்தல?"

"இந்த மொட்டுக்கு கொதிக்கக் கொதிக்க ஊத்தக் கூடாது. வெந்துடும். கொஞ்சம் ஆறணும்."

"சரி, அப்ப நானும் கொஞ்சம் ஆறிட்டே பேசறேன். நேத்துலேர்ந்து கொதிச்சிகினு கீறேன்."

இதற்கும் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடி டீபாட்டில் ஒரு பிடி வெள்ளி மொட்டைப் போட்டு, சுவரோரமாக நீரை விட்டாள். வெள்ளை ரோமம் போர்த்திய மொட்டுகள் முதலில் மேலே மிதந்தன. பிறகு ஒன்று செங்குத்தாக நிமிர்ந்தது... இன்னொன்று... நின்றபடியே ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நீர் மெல்ல வெயில் நிறத்துக்கு மாறியது.

கஸ்பார் குனிந்து, கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நீண்ட இமை முடிகளை மாயா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆம்பளைக்கு எதுக்கு இத்தனை இமை முடி, என்று தோன்றியது. உடனே கெட்டில் மூடியைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

"பாக்க சோக்கா கீது," என்றான். ஒரு வாய் குடித்தான். "ஆனா வெந்நி மாதிரிதான் கீது."

"இன்னொரு வாய்."

குடித்தான். முகம் மாறியது.

"இரு... போனப்புறம் வருது."

"எது?"

"தித்திப்பு. நாக்குல இல்ல... தொண்டையில. மழ நின்னப்புறம் ஓலைலேர்ந்து சொட்டுமே, அந்த மாதிரி."

மாயாவின் கை அப்படியே நின்றது. ஆறு மாதத்தில் எத்தனையோ பேருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது வாயில் இதைச் சொன்னவர்கள் இல்லை. இவ்வளவு நல்ல நாக்குக்காரனுக்கு அந்தக் கருவாடு எப்படித் தெரியாமல் போனது... யோசித்தவள், அந்த யோசனை போன வழியிலேயே கேட்டும்விட்டாள். அதுதான் தப்பு.

"உங்க வூடு எங்க?"

"காசிமேட்டாண்ட. ராயபுரம்."

"வூட்ல கருவாடு போடுவீங்களா?"

கஸ்பார் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஓசையில்லாமல்தான் வைத்தான்.

"எங்கம்மா ஃப்ளோரன்ஸு கருவாடு வித்துதான் என்னிய படிக்க வெச்சிது. எங்க வூட்டு வாசல்லதான் சாவாளை காயும். அதுக்கு இன்னா இப்ப? நாத்தம்புடிச்ச வூட்டுலேர்ந்து வந்தவன், இவனுக்கு மூக்கு எங்க கீதுன்னு சொல்ற. அதான?"

"நான் அப்டி சொல்லல."

"பள்ளிக்கூடத்துலேர்ந்து கேட்டுகினு வர்றேன். பஸ்ல பக்கத்துல ஒக்காந்தா எழுந்து போவாங்க. இப்ப பீங்கான் கிண்ணத்துல ஊத்திக் குடுத்து சொல்றாங்க."

மாயாவுக்குக் கண் கலங்கியது. கலங்கினாலும் குரல் கலங்கவில்லை.

"எங்க வூடு வியாசர்பாடி. ஊரு பேர சொன்னவொடனே மூக்கப் புடிச்சிக்கினவங்கள நானும் பாத்துகினுதான் கீறேன். நாத்தம்ங்கிற வார்த்தை என் வாயிலேர்ந்து வந்துச்சா? வாசனைன்னுதான் சொன்னேன். எங்கம்மா சாவாளைய சுட்டு வெச்சா நான் ரெண்டு தட்டு சோறு துன்றவ. எனக்கு அது நாத்தம் இல்ல. ஆனா இந்த இலைக்கு அது ஆகாது. எனக்குத் தெரிஞ்சத தெரியலன்னு எப்டி சொல்றது?"

கஸ்பார் கிண்ணத்தை மறுபடி எடுத்து, மிச்சத்தைக் குடித்து முடித்தான்.

"சரி. காட்டு," என்றான் அவன். "ரெண்டு பாக்கெட் குடு. ஒண்ண பிரிச்சு அந்தப் பொட்டியில கொட்டி வெச்சி, கதவ சாத்தி வெக்கிறேன். இன்னொண்ணு பிரிக்காம எங்கிட்ட இருக்கட்டும். வெள்ளிக்கிழம காலைல ஆறு கிண்ணம். மூணு அது, மூணு இது. நான்தான் ஊத்துவேன். நீ சொல்லு, எது எதுன்னு."

"ஊத்தத் தெரியுமா?"

"எத்தினி கிராமு, எத்தினி நிமிஷம்னு எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தாள். தாளை வாங்கும்போது விரல் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு பேருமே ஜாக்கிரதையாக இருந்தார்கள். அந்த ஜாக்கிரதைதான் இரண்டு பேரையும் காட்டிக்கொடுத்தது.

*

"இன்னாடி, தட்டுல கோலம் போட்டுகினு கீற?" என்றாள் அம்மா ரமாபாய், வியாழக்கிழமை சாயங்காலம்.

"ஒருத்தரு மனச நோவடிச்சிட்டேன்மா. வேணும்னு இல்ல."

"யாரு?"

"யார்டு சர்வேயரு."

"பொய் சொன்னியா?"

"இல்ல. நெசத்ததான் சொன்னேன்."

"அப்ப எதுக்கு இம்மா யோசனை? ஆளு எப்டி?"

"எந்த ஆளு?"

"நோவறானே, அந்த ஆளு."

"அம்மா, சோத்தப் போடு."

"போட்டு அரை மணி நேரம் ஆவுது. கண்ணு எங்க கீதோ..."

*

வெள்ளிக்கிழமை காலை. அறைக்குள் கஸ்பார் தனியாக நின்று, அளந்து, நிமிஷம் பார்த்து, ஊற்றினான். கதவைத் திறந்து, "வாங்க," என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறு வெள்ளைக் கிண்ணங்கள். ஆறிலும் ஒரே நிறம். அலெக்ஸாண்டர் ஓரமாகக் கை கட்டி நின்றார்.

மாயா கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து உர்ரென்று இழுத்தாள். நாக்கில் ஓடவிட்டு, தொட்டியில் துப்பினாள். முதல் கிண்ணம்... தித்திப்புக்கு அடியில் உப்புக் காற்று. சாவாளை. பெட்டி இலை.

இரண்டாவது... அதே.

மூன்றாவது. அதே. சரி, முதல் மூன்றையும் சேர்த்து வைத்துவிட்டான் போல.

நாலாவது கரண்டியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அதே சாவாளை. ஐந்து. ஆறு.

நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டதோ... வெந்நீரால் வாயைக் கொப்பளித்தாள். வெளியே போய் மழைக் காற்றில் பத்து மூச்சு விட்டாள். திரும்பி வந்து ஆறிலிருந்து ஒன்றுக்குத் தலைகீழாகப் போனாள். மாற்றமில்லை.

மூன்று நல்லது, மூன்று கெட்டது என்றுதான் பேச்சு. ஏதாவது மூன்றைக் கைகாட்டினால் பாதிக்குப் பாதி பிழைத்துக்கொள்ளலாம். ஆறும் கெட்டது என்றால்... நாற்காலி போய்விடும். மாயா அந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு கிண்ணங்களைப் பார்த்தாள்.

"ஆறுமே பெட்டியில இருந்த இலைதான் சார்."

அலெக்ஸாண்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாயா... மூணு மூணுன்னு பேச்சு."

"பேச்சு அதுதான் சார். கிண்ணத்துல அப்படி இல்லை."

"ஒருவேளை நாக்கு மரத்துப்போச்சோ என்னமோம்மா. நல்லது மூணும் உனக்குக் கெட்டதாத் தெரிஞ்சா..." அவர் பெருமூச்சு விட்டுக் கஸ்பார் பக்கம் திரும்பினார். "தம்பி, எது எது நல்ல இலைன்னு நீங்களே சொல்லிடுங்க. ஏத்துற வேலையப் பார்ப்போம்."

கஸ்பார் ஆறு கிண்ணங்களையும் பார்த்தான்.

சும்மா மூன்று கிண்ணத்தைக் காட்டினால் போதும். அவன் சான்றிதழ் நிற்கும். அவன் பெயர் நிற்கும். கேட்க ஆளில்லை. மாயாவுக்கு அது ஒரு நொடியில் புரிந்துபோனது... அவள் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் நீ நெசத்த சொல்லுவ என்பது மட்டும் இருந்தது.

கஸ்பார் தோள்பையைத் திறந்தான். ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒட்டியது ஒட்டியபடி, பிரிக்காத பாக்கெட்.

"அவங்க சொன்னது சரி சார். நல்ல இலைய நான் பிரிக்கவே இல்ல. ஆறுலயும் பொட்டி இலையத்தான் போட்டேன்."

"ஏன்ப்பா?"

"எப்டியும் மூணு நல்லதுன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். சொல்லிட்டா, இவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, சும்மா எங்க வூட்ட பத்தி பேசுனாங்கன்னு ஆயிடும்ல. அதுக்காகப் பண்ணேன். கலீஜான வேலை சார்." மாயா பக்கம் திரும்பினான். "ஆறும்னு சொன்னியே... அப்ப எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. நேத்து அந்தப் பொட்டியோட பழைய கணக்க தேடி எடுக்கச் சொன்னேன். நீ வெளிய போனப்பதான் ஃபோன்ல வந்துச்சு. ரெண்டு டிரிப்புக்கு முன்னாடி கருவாடு போயிருக்கு. இன்னா கருவாடுன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சாவாளை."

அலெக்ஸாண்டர் தானே பாக்கெட்டைப் பிரித்து, அளந்து, நீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் காத்திருந்தார். புதுக் கிண்ணத்தில் ஒரு கரண்டி. பழையதில் ஒரு கரண்டி. மறுபடி புதியது. மறுபடி பழையது.

"அட..." என்றார். போய் அந்தக் கிறீச்சிடும் நாற்காலியை இழுத்து, மாயாவுக்குப் பின்னால் போட்டார். "உட்காரும்மா. குன்னூருக்கு நான் ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

மாயா உட்கார்ந்தாள். ஏழு வருஷமும் ஆறு மாதமும் சேர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"சந்தோஷமெல்லாம் அப்புறம்," என்றான் கஸ்பார், கண்ணோரம் சிரிப்போடு. "இப்ப மணி பத்து. ஆறுக்கு கேட் மூடிடும். பொட்டி நான் தேடித் தரேன். மூக்கு நீ குடு. கெளம்பு."

*

யார்டில் அன்று ரஹீம் பாயின் ஃபோர்க்லிஃப்ட் நிற்கவே இல்லை. முதல் பெட்டியில் ரப்பர் வாசனை. "வேணாம்," என்றாள். இரண்டாவதில் யாரோ மஞ்சள் ஏற்றியிருந்தார்கள். "சாம்பாரு வெக்கலாம், டீ ஆவாது." கஸ்பார் தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் நீரில் ஓடி ஓடி எண் பார்த்தான். நாலாவது பெட்டிக்குள் அவள் போனாள், நின்றாள், நெடுநேரம் வரவில்லை.

"இன்னா ஆச்சு?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"வாசனையே இல்லங்கறேன். இதான். ஏத்துங்க."

ஐந்தேகாலுக்கு சரக்கு ஏறி முடிந்தது. சீல் போட்டார்கள். மழை அப்போதுதான் களைத்துப்போய் நின்றது. மேற்குப் பக்கம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கீற்று வெயில். அலெக்ஸாண்டர் சான்றிதழை நீட்டினார். டேஸ்டர் என்று அச்சடித்த இடத்தில் மாயா முதல் தடவையாகத் தன் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே சர்வேயர் கையெழுத்து. ட்ரெய்லர் உறுமிக்கொண்டு கேட்டை நோக்கி நகர்ந்தது. மற்றவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள்.

கஸ்பார் தன் பிரதியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்கம்மாகிட்ட சொன்னேன்," என்றான்.

"எத்த?"

"சாவாளை வாசனை எனக்குத் தெரியலன்னு. சிரிக்குது. பொறந்ததுலேர்ந்து மூச்சா இழுத்தவனுக்கு அது காத்துடா, வாசனையான்னு கேக்குது."

"அம்மா சரியா சொன்னாங்க."

"அந்தப் பொண்ண ஒரு ஞாயித்துக்கெழம இட்டுகினு வாடான்னுச்சு."

"எதுக்காம்?"

"எதுக்கா..." அவன் தாளைப் பார்த்தான். "இதுல ஒன் பேருக்குக் கீழ என் பேரு கீது. பாக்க நல்லா கீதுல்ல?"

"கீது."

"ராயபுரத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு பெரிய நோட்டு வெச்சிகினு கீறாங்க. அதுல ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல கையெழுத்து போடுவாங்க. ஒனக்கு சாமி வேற, எனக்கு சாமி வேற... அந்த நோட்டுக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் போடறேன் மாயா. நீ போடுவியா?"

மாயாவுக்குக் காதுவரை சூடேறியது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இவன் யாரென்றே தெரியாது. ஆனால் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை போதுமாயிருந்த இடத்தில், அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டவன் இவன். நாள் கணக்கு எதற்கு...

"நீ கேக்குறது பேஜாரா கீது," என்றாள்.

"அப்ப வேணாமா?"

அவள் ஏதோ சொன்னாள். அதற்குள் ட்ரெய்லர்காரர் ஒலிப்பானை அமுக்கினார்.

"இன்னா? கேக்கல."

"புடிச்சிருக்குன்னேன்."

"எஞ்சின் சத்தம்... சரியா கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

மாயா மூச்சை இழுத்து, முழுக் குரலில் சொன்னாள். "எனக்கு ஒன்னிய புடிச்சிருக்கு கஸ்பாரு."

சரியாக அந்த நிமிஷம் கேட்டில் காகிதம் காட்டுவதற்காக ட்ரெய்லர்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார். அந்த வாக்கியம் யார்டு முழுக்க, இரும்புப் பெட்டிகளில் மோதி மோதிக் கேட்டது. அலெக்ஸாண்டர் திரும்பினார். சுமை இறக்குகிறவர்கள் திரும்பினார்கள். ஃபோர்க்லிஃப்ட்டின் மேலிருந்து ரஹீம் பாய் கையை உயர்த்தினார்.

"எனக்கு நல்லா கேட்டுச்சும்மா. தம்பிக்குத்தான் காது கொஞ்சம் மந்தம் போல. இன்னொரு தபா சொல்லிடு."

வேறு யாராவதாக இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடியிருப்பார்கள். மாயா தலையைக் குனியவில்லை. கஸ்பாரின் அந்த நீண்ட இமைகளுக்குள் இருந்த கண்களை நேராகப் பார்த்து, மொத்த யார்டுக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னாள்.